எண்ணிக்கையும் எண்ணமும்: யோக நெறியில் மந்திர உருவேற்றல்

ஆய்வுச் சுருக்கம்

ஒரு மந்திரத்தைத் திரும்பத் திரும்ப ஓதும் செபம் யோக நெறியின் தொன்மையான பயிற்சிகளுள் ஒன்றாகும். செபத்தின் பயன் ஒலியால் விளைகிறதா, எண்ணிக்கையால் விளைகிறதா, பொருளை உன்னுவதால் விளைகிறதா என்னும் வினா நெடுங்காலமாக எழுப்பப்பட்டு வந்துள்ளது. இக்கட்டுரை பதஞ்சலியின் யோக சூத்திரம், திருமூலரின் திருமந்திரம், மெய்கண்ட சாத்திரங்கள் ஆகியவற்றில் செபம் பெறும் இடத்தை விளக்குகிறது. அண்மைக்கால உடலியல் ஆய்வுகளின் முடிவுகளோடு அதனை ஒப்புநோக்குகிறது. மூச்சை ஒழுங்குபடுத்தும் பயன் எச்சொல்லாலும் விளையக்கூடியது. ஓதுவோரின் நோக்கை மாற்றும் பயன் பொருளுணர்வால் மட்டுமே விளைவது என்பது இக்கட்டுரையின் கருத்து. சைவ மரபில் ஐந்தெழுத்து பெறும் வரிசை மாற்றங்கள் இதற்குத் தக்க சான்றாக அமைகின்றன.

திறவுச்சொற்கள்: மந்திரம், செபம், உரு, பிரணவம், அசபை, ஐந்தெழுத்து, பாவனை, மாத்திரை

முன்னுரை

மந்திரம் ஓதுதல் இன்று பல வடிவங்களில் வழங்குகிறது. உருத்திராக்க மாலையை உருட்டி ஓதுவோர் உளர். கோயிலில் கூட்டாக ஓதுவோர் உளர். குறிப்பேட்டில் இறைவன் பெயரை இலட்சக்கணக்கில் எழுதும் இலிகித செபத்தை மேற்கொள்வோரும் உளர். விரலில் மோதிரம் போல் அணியும் எண்ணிக்கைக் கருவிகள் கடைகளில் கிடைக்கின்றன. மின்னிணைப்பைக் கொடுத்தால் நாள் முழுதும் ஒரே மந்திரத்தை இசைக்கும் சிறு பெட்டிகள் பல வீடுகளின் பூசையறைகளில் இடம்பெற்றுள்ளன. இவ்வடிவங்கள் யாவும் திரும்பச் சொல்லுதல் என்னும் ஒரு செயலையே அடிப்படையாகக் கொண்டவை. ஆயின் இவையனைத்தையும் செபம் என்று கூறலாமா? கூறலாகாது எனின், திரும்பச் சொல்லுதலைச் செபமாக்குவது யாது?

இவ்வினா நம்பிக்கை உடையார்க்கு மட்டும் உரியதன்று. மன அமைதிக்கான பயிற்சியாக மந்திரத்தை மருத்துவரும் உளவியலாரும் எடுத்துக்கொண்டுள்ள இக்காலத்தில், எச்சொல்லைச் சொன்னாலும் போதுமா, மரபுவழி மந்திரமே வேண்டுமா என்னும் கேள்வி ஆய்வுலகிலும் எழுந்துள்ளது. எனவே மரபு நூல்கள் செபத்தை எவ்வாறு விளக்கின என்பதை முதலிற் கண்டு, அதன்பின் இக்கால ஆய்வுகளை அணுகுவது முறையாகும்.

1. சொற்பொருள் விளக்கம்

‘மந்திரம்’ என்னும் சொல் ‘மன்’ என்னும் வடமொழி வேரினின்று பிறந்தது. அவ்வேருக்கு ‘நினைத்தல்’ என்பது பொருள். ‘த்ர’ என்பது கருவிப்பொருள் தரும் விகுதி. ஆகவே நினைத்தற்குரிய கருவி என்பது அச்சொல்லின் இலக்கணப் பொருளாகிறது. நினைப்பவரைக் காப்பது என்பது சமய மரபு கூறும் விளக்கம். ‘செபம்’ என்பது மெல்லிய குரலில் முணுமுணுத்தலைக் குறிக்கும் ‘ஜப்’ என்னும் வேரின் வழிவந்தது. தொல்காப்பியமும் செய்யுளியலில் மந்திரத்திற்கு இலக்கணம் கூறுகிறது. சொல்லின் ஆற்றலை அந்நூல் ஒலியளவில் மட்டும் வைக்காமல், அதனைச் சொல்லும் சான்றோரின் நிறைவோடு இணைத்துக் காண்கிறது.

செபத்தைக் குறிக்கத் தமிழில் வழங்கும் சொற்கள் கருதத்தக்கவை. ‘உரு’ என்னும் சொல் வடிவத்தைக் குறிக்கும். ஒரு மந்திரத்தை ஒருமுறை ஓதும் அளவையும் குறிக்கும். ‘நூற்றெட்டு உரு’ என்பது 108 முறை ஓதுதலாகும். இச்சொல்லின் அடியாக இரு வினைகள் தோன்றியுள்ளன. ஒன்று ‘உருப்போடுதல்’, பொருளறியாது மனப்பாடம் செய்தலை அது சுட்டும். மற்றொன்று ‘உருவேற்றுதல்’, திரும்ப ஓதுவதன் வழியே மந்திரத்திற்கு வலிமை சேர்த்தலை அது சுட்டும். வெளித்தோற்றத்தில் ஒத்த இரு செயல்களைத் தமிழ் வழக்கு இரு சொற்களால் வேறுபடுத்தியிருப்பது நோக்கத்தக்கது.

‘எண்ணுதல்’ என்னும் சொல்லோ எண்ணிக்கையிடுதல், நினைத்தல் என்னும் இரு பொருளையும் ஒருங்கே தருவது. மாலையின் மணிகளை எண்ணுவதும் எண்ணுதலே. மந்திரத்தின் பொருளை எண்ணுவதும் எண்ணுதலே. இவ்விரு பொருளும் ஒரு செயலில் இணையுமாறு அமைவதே செபத்தின் இலக்கணம் என்பதைப் பின்வரும் பகுதிகள் காட்டும்.

2. பதஞ்சலி யோகத்தில் செபம்

யோக சூத்திரத்தின் முதற்பாதமாகிய சமாதி பாதத்தில் 27, 28, 29 ஆகிய மூன்று சூத்திரங்கள் செபத்தைப் பற்றியவை. இம்மூன்றும் ஒரு தொடர் வாதமாக அமைந்துள்ளன. 27ஆம் சூத்திரம் இறைவனுக்கும் பிரணவத்திற்கும் உள்ள உறவைக் கூறுகிறது. பிரணவம் சுட்டும் சொல். இறைவன் அச்சொல்லால் சுட்டப்படும் பொருள். 28ஆம் சூத்திரம் அப்பிரணவத்தை ஓதுதலையும் அதன் பொருளைப் பாவித்தலையும் சேர்த்து விதிக்கிறது. 29ஆம் சூத்திரம் அதனால் வரும் இரு பயன்களைக் குறிக்கிறது. அறிவு வெளியே ஓடாது உள்முகமாகத் திரும்புதல் ஒன்று. இடையூறுகள் நீங்குதல் மற்றொன்று.

இங்கே ‘பாவனை’ என்னும் சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். அச்சொல் ‘ஆதல்’ என்னும் பொருளுடைய வேரின் பிறவினை வடிவிலிருந்து வந்தது. எனவே பொருளைப் பாவித்தல் என்பது அகராதிப் பொருளை நினைவுகூர்தலோடு நின்றுவிடுவதன்று. அப்பொருள் உள்ளத்தில் நிலைபெறுமாறு அதனை மீண்டும் மீண்டும் அங்கே இருத்துதலாகும். ஓதுதல் நாவின் வினை; பாவித்தல் நெஞ்சின் வினை. பதஞ்சலி இரண்டையும் ஒரே சூத்திரத்தில் இணைத்தமையால் ஒன்றை விட்டு மற்றொன்றை மட்டும் செபம் எனக் கொள்ள இடமில்லை. இச்சூத்திரத்திற்கு உரை கண்ட வியாசர், ஓதுதலும் பாவித்தலும் இணையும்போது சித்தம் ஒருமுகப்படும் என்கிறார். ஓதுதலால் யோகத்தில் அமர்தலும், யோகத்தினின்று மீண்டும் ஓதுதலுக்கு வருதலும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பதும் அவருரையின் கருத்து.

நீங்கும் இடையூறுகள் எவை என்பதை 30ஆம் சூத்திரம் பட்டியலிடுகிறது. நோய், மந்தம், ஐயம், கவனமின்மை, சோம்பல், புலனின்ப நாட்டம், பிறழ்ந்த காட்சி, உரிய நிலையை எய்தாமை, எய்திய நிலையில் நில்லாமை என அவை ஒன்பதாகும். இவற்றோடு உடன்நிகழ்வன நான்கு என அடுத்த சூத்திரம் கூறுகிறது. துன்பம், மனச்சோர்வு, உடல் நடுக்கம், மூச்சின் ஒழுங்கின்மை என்பன அவை. உள்ளம் சிதறும்போது மூச்சும் சிதறுகிறது என்னும் இக்குறிப்பு, பின்னர்க் காணப்போகும் உடலியல் ஆய்வுகளோடு நெருங்கிய தொடர்புடையது.

இரண்டாம் பாதத்தில் செபம் வேறொரு பெயரில் இடம்பெறுகிறது. தவம், சுவாத்தியாயம், ஈசுவரப் பிரணிதானம் ஆகிய மூன்றும் கிரியா யோகம் எனப்படும். இவையே எட்டுறுப்புகளுள் இரண்டாவதாகிய நியமத்திலும் அடங்கும். சுவாத்தியாயம் என்பதற்குப் பிரணவம் முதலிய தூய மந்திரங்களை ஓதுதல், வீடுபேற்று நூல்களைக் கற்றல் என இரு பொருள் கூறுகிறார் வியாசர். ஓதுதலும் கற்றலும் ஒரே சொல்லின் இரு பொருளாக நிற்பது, அறிவோடு இணைந்த ஓதுதலே மரபு வேண்டியது என்பதற்கு மேலும் ஒரு சான்றாகும்.

திருமூலர் நியமத்தைப் பத்தாக விரித்துரைக்கிறார். பதஞ்சலி சுவாத்தியாயத்துள் அடக்கிய செபத்தை அவர் தவத்தை அடுத்துத் தனியுறுப்பாக வைக்கிறார். சித்தாந்தக் கேள்வியையும் அப்பத்தனுள் ஒன்றாகத் தனியே எண்ணுகிறார். ஓதுதலும் பொருள் கேட்டலும் தனித்தனிக் கடமைகளாயினும், ஒருவரே கடைப்பிடிக்க வேண்டிய கடமைகளாக இங்கு நிற்கின்றன.

3. ஒலியின் மூன்று படிகள்

செபம் செய்யும் முறை மூவகைப்படும். பிறர் செவிக்குக் கேட்குமாறு ஓதுவது வாசிகம். நாவும் இதழும் மெல்ல அசைய, தன் செவிக்கு மட்டும் எட்டுமாறு ஓதுவது உபாஞ்சு. நாவும் அசையாது உள்ளத்தாலேயே ஓதுவது மானதம். இவற்றுள் பின்னது முன்னதினும் சிறந்தது என்பது மரபு. மனுதரும சாத்திரம் விதிப்படி செய்யும் வேள்வியைவிடச் செபம் பத்து மடங்கும், உபாஞ்சு நூறு மடங்கும், மானதம் ஆயிரம் மடங்கும் உயர்ந்தவை என்கிறது.

பயன் ஒலியால் மட்டும் விளைவதாயின் இவ்வரிசை தலைகீழாக இருந்திருக்க வேண்டும். உரத்து ஓதும் வாசிகமே உயர்ந்ததாகவும், ஒலியே இல்லாத மானதம் தாழ்ந்ததாகவும் எண்ணப்பட்டிருக்கும். ஒலி குறையக் குறையப் பயன் மிகும் என்று மரபு கூறுவதால், ஒலி ஏறிச்செல்லும் படியாகவே கருதப்பட்டது என்பது தெளிவாகிறது. படியை விட்டு ஏற இயலாது. படியிலேயே நின்றுவிடுவதும் ஏறுதலாகாது.

இதனைச் சைவ சித்தாந்தம் வாக்கு நான்கு என்னும் கொள்கையால் விளக்குகிறது. செவிக்குப் புலனாவது வைகரி. ஒலியாக வெளிப்படாமல் உள்ளத்தில் எழுத்துகளாக முறைப்பட்டு நிற்பது மத்திமை. மயில் முட்டையின் நீர்மத்துள் தோகையின் பல நிறங்களும் பிரிவுபடாது அடங்கியிருத்தல்போல, எழுத்துகள் பிரிவுபடாது நிற்பது பைசந்தி. அதற்கும் நுண்ணியது சூக்குமை. வாசிகத்திலிருந்து மானதத்திற்குச் செல்லும் சாதகர், சொல் பிறந்து வந்த வழியே திரும்பிச் செல்பவராகிறார். மாண்டூக்கிய உபநிடதமும் பிரணவத்தை அகர, உகர, மகரங்களாகப் பகுத்துக் காட்டியபின், அளவிறந்த நான்காம் நிலையைச் சுட்டுகிறது. அந்நிலைக்கு எழுத்து இல்லை.

இப்படிகள் பயிற்சியிலும் பொருத்தமுடையன. தொடக்கநிலையில் மனத்தாலேயே ஓத முயல்வோர்க்கு உள்ளம் விரைவில் வேறெங்கோ சென்றுவிடும். மந்திரம் நின்றுபோனதையே அவர் அறியார். உரத்து ஓதும்போது நாவும் செவியும் உள்ளத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. ஆகவே வாசிகம் தாழ்ந்த படி என்று தள்ளத்தக்கதன்று. கவனம் தளரும்போதெல்லாம் திரும்பி வந்து காலூன்றத்தக்க இடம் அது.

4. மூச்சும் மந்திரமும்

மந்திரம் ஓதுதல் மூச்சின் மீதே நிகழ்கிறது. வெளிமூச்சின்றி ஒலி எழாது. இவ்வியல்பான தொடர்பை யோக நூல்கள் ஒரு முறையாகவே வகுத்துக்கொண்டன. மந்திரத்தோடு கூடிய பிராணாயாமத்தைச் ‘சகர்ப்பம்’ என்றும், மந்திரமில்லாததை ‘அகர்ப்பம்’ என்றும் அவை வழங்கும். மூச்சின் கால அளவை அறிய மந்திரமே அளவுகோலாகப் பயன்பட்டது. திருமூலர் பூரகத்திற்கு 16, கும்பகத்திற்கு 64, இரேசகத்திற்கு 32 என மாத்திரை அளவு கூறுகிறார். இயல்பான கண்ணிமைப்பும் கைந்நொடியும் மாத்திரையின் அளவு என்பது தமிழ் இலக்கண மரபு. எழுத்தின் ஒலியளவைக் குறிக்கும் அதே அலகு மூச்சின் அளவாகவும் வருவது, மந்திரமும் மூச்சும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கப்பட்டமையைக் காட்டும். இவ்வளவில் மூச்சை அடக்குதல் தேர்ந்த ஆசிரியரின் நேரடி வழிகாட்டலில் மட்டுமே செய்யத்தக்கது.

ஓதும் சொல்லின் நீளத்தையும் இவ்வலகால் அளக்கலாம். ‘நமசிவாய’ என்பதில் நான்கு குறில்களும் ஒரு நெடிலும் உள்ளமையால் ஆறு மாத்திரை. முன்னர்ப் பிரணவம் சேர்ந்தால், ஓகாரத்தின் இரண்டும் மகர மெய்யின் அரையுமாக இரண்டரை கூடி, எட்டரை மாத்திரையாகும். பிரணவத்தை நீட்டி ஒலிக்கும்போது அளவு இன்னும் மிகும். ஒரு மூச்சில் ஒருமுறை நிதானமாக ஓதத்தக்க நீளம் இது.

இம்முறையின் முதிர்ந்த வடிவம் அசபை எனப்படும். செபிக்காமலே நிகழும் செபம் என்பது இதன் பொருள். மூச்சு வெளிச்செல்லும்போது ‘ஹ’ என்னும் ஒலியும் உட்புகும்போது ‘ஸ’ என்னும் ஒலியும் எழுவதாகவும், உயிர் இவ்வாறு ‘ஹம்ஸ’ மந்திரத்தை இடையறாது ஓதுவதாகவும் கேரண்ட சங்கிதை முதலிய நூல்கள் கூறுகின்றன. இதனை மாற்றிக் கேட்டால் ‘அவனே நான்’ என்னும் பொருளுடைய ‘ஸோஹம்’ ஆகும். இம்மந்திரம் ஒரு நாளில் 21,600 முறை ஓதப்படுவதாகக் கணக்கிடப்பட்டது. நிமிடத்திற்கு 15 மூச்சு என்னும் அளவில் ஒரு நாளின் 1,440 நிமிடங்களுக்கு வரும் தொகை இதுவே. திருமந்திரத்தின் நான்காம் தந்திரம் அசபையைப் பற்றிய பகுதியுடனேயே தொடங்குகிறது.

அசபைக் கொள்கை எண்ணிக்கை பற்றிய வினாவிற்கு மறைமுகமாக விடையளிக்கிறது. மூச்சுவிடும் ஒவ்வொருவரும் நாள்தோறும் 21,600 உரு ஓதுகின்றனர் எனில், எண்ணிக்கையில் எல்லோரும் சமமானவரே. உறங்குபவரும் ஓதுகிறார், ஆயினும் அவரை யோகி என்று யாரும் கூறுவதில்லை. நிகழ்ந்துகொண்டிருக்கும் ஓதுதலை அறிந்திருத்தல் ஒன்றே சாதகரை வேறுபடுத்துவது.

5. ஐந்தெழுத்து: வரிசையும் பொருளும்

தமிழ்ச் சைவத்தில் செபத்திற்குரிய தலையாய மந்திரம் திருவைந்தெழுத்து. ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் இதன்மேல் தனிப்பதிகங்கள் அருளியுள்ளனர். ஓதும்போது ‘நமசிவாய’ என நீண்டொலிப்பினும், எழுத்தெண்ணும்போது ந, ம, சி, வ, ய என ஐந்தாகவே கொள்ளப்படும். திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரம் இதனைத் தூலம், சூக்குமம், அதிசூக்குமம் எனப் பகுத்துரைக்கிறது. மனவாசகங் கடந்தாரின் உண்மை விளக்கம் மாணவர் வினவ ஆசிரியர் விடைகூறும் முறையில் இதன் பொருளை விளக்குகிறது. உமாபதி சிவம் திருவருட்பயனின் பத்து அதிகாரங்களுள் ஒன்பதாவதை ஐந்தெழுத்தருள் நிலைக்கே உரியதாக்கியுள்ளார். உயிர் இன்புறும் நிலையைக் கூறும் அதிகாரத்திற்கும் இறைவனை அணைந்தோர் தன்மையைக் கூறும் அதிகாரத்திற்கும் இடையே அது வைக்கப்பட்டுள்ளது. செபம் தொடக்கநிலையினர்க்கு மட்டும் உரிய பயிற்சி என்னும் எண்ணத்திற்கு இவ்வைப்புமுறை இடந்தரவில்லை.

சித்தாந்த விளக்கத்தின்படி சிகரம் சிவத்தையும், வகரம் அருளையும், யகரம் உயிரையும், நகரம் மறைப்பாற்றலாகிய திரோதத்தையும், மகரம் மலத்தையும் குறிக்கும். ஆகவே ஐந்தெழுத்து என்பது உயிரின் நிலையைக் காட்டும் சிறு வரைபடம் போன்றது. உயிர் எங்கே நிற்கிறது, அதன் இருபுறமும் எவை உள்ளன என்பதை எழுத்துகளின் வரிசை காட்டும்.

‘நமசிவய’ என்னும் தூல வரிசையில் மறைப்பும் மலமும் முன்னிற்கின்றன. உலகியலில் நிற்கும் உயிரின் நிலை அது; உலகியல் நலன்களை வேண்டுவோர்க்கும் உரியது. ‘சிவயநம’ என்னும் சூக்கும வரிசையில் சிவமும் அருளும் முன்வருகின்றன. உயிரைக் குறிக்கும் யகரம் நடுவில் நிற்கிறது. அதன் ஒருபுறம் அருள், மறுபுறம் மறைப்பு. எப்புறம் நோக்குவது என்பதே உயிரின் முன்னுள்ள வினா. ‘சிவயசிவ’ என்னும் வரிசையில் நகரமும் மகரமும் விலகிவிடுகின்றன. உயிரின் இருபுறமும் சிவமும் அருளுமே சூழ்ந்துள்ளன. ‘சிவசிவ’ என்னும்போது உயிரைச் சுட்டும் எழுத்தும் தனித்துக் கூறப்படவில்லை. தன்முனைப்பு அடங்கிய நிலை அது. இவ்வரிசைகளுக்கு நூல்களும் உரைகளும் வழங்கும் பெயர்களில் சிறு வேறுபாடுகள் உண்டெனினும், மலத்தினின்று சிவத்தை நோக்கிச் செல்லும் போக்கு பொதுவானது. இவற்றைத் தீட்சை நிலைக்கேற்ப ஆசிரியர் உணர்த்துவது மரபு.

இங்கு ஒரு செய்தி சிறப்பாகக் கருதத்தக்கது. ‘நமசிவய’, ‘சிவயநம’ ஆகிய இரண்டிலும் எழுத்துகள் அவையே, குறில் ஐந்து, மாத்திரை ஐந்து. ஒரு மூச்சில் ஓதும் அளவிலும், 108 உருவுக்கு ஆகும் காலத்திலும், நாவின் உழைப்பிலும் கருதத்தக்க வேறுபாடு இல்லை. உடலளவில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. ஆயினும் மரபு இவ்விரண்டையும் இருவேறு படிகளாக வைக்கிறது. இவ்வேறுபாட்டை மூச்சாலோ ஒலியளவாலோ எண்ணிக்கையாலோ விளக்க இயலாது. பொருளால் மட்டுமே விளக்க இயலும். எழுத்தின் பொருளையறியாது ஓதுபவர்க்கு வரிசை மாறியது ஓர் ஓசை மாற்றம் மட்டுமே. அறிந்து ஓதுபவர்க்கோ ஒவ்வோர் உருவும் தம் நிலையைத் தாமே நோக்கி, அருளின் பக்கம் முகந்திருப்பும் செயலாகிறது. பதஞ்சலி கூறிய பொருட்பாவனையை எழுத்துகளின் வரிசைக்குள்ளேயே சைவ மரபு அமைத்துவைத்தது எனலாம்.

6. பொருளின்மைக் கொள்கையும் உடலியல் ஆய்வுகளும்

மந்திரத்திற்குப் பொருளில்லை என்னும் கொள்கையும் பழமையானதே. வேத மந்திரங்கள் பொருளற்றவை எனக் கௌத்சர் என்பவர் கூறியதை எடுத்துக்காட்டி யாஸ்கர் தம் நிருக்தத்தில் மறுத்துள்ளார். கடந்த நூற்றாண்டில் டச்சு நாட்டு அறிஞர் பிரிட்ஸ் ஸ்டால், சடங்கும் மந்திரமும் விதிகளால் இயங்குவன. பொருளால் இயங்குவன அல்ல என்று வாதிட்டார். மந்திரங்களைப் பறவைகளின் பாடலோடும் ஒப்பிட்டார். அகராதிப் பொருளற்ற பீச மந்திரங்கள் இக்கொள்கைக்கு வலுச்சேர்ப்பன போல் தோன்றும்.

உடலியல் ஆய்வுகளும் ஒரு பகுதியில் இக்கருத்துக்கு இசைவானவை. 2001ஆம் ஆண்டு பிரித்தானிய மருத்துவ இதழில் இத்தாலிய ஆய்வாளர் லூசியானோ பெர்னார்டியும் குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டனர். உடல்நலமுள்ள 23 பேர் இலத்தீன் மொழியில் கத்தோலிக்கச் செபமாலை மன்றாட்டையும், ‘ஓம் மணி பத்மே’ என்னும் பௌத்த மந்திரத்தையும் ஓதினர். இரு நிலைகளிலும் மூச்சு நிமிடத்திற்கு ஏறத்தாழ 6 என்னும் அளவுக்குக் குறைந்தது. இதயத்துடிப்பு, குருதியழுத்தம் ஆகியவற்றின் இயல்பான ஏற்ற இறக்கங்கள் அத்தாளத்தோடு இயைந்தன. குருதியழுத்தத்தைச் சீராக்கும் அனிச்சைச் செயலின் கூருணர்வும் மிகுந்தது. மொழியும் சமயமும் வேறாயினும் விளைவு ஒத்திருந்தது. இரண்டும் ஒரு மூச்சில் ஓதத்தக்க, ஏறத்தாழ 10 நொடி நீளமுடைய சுழற்சியை உண்டாக்கியமையே காரணம்.

அதற்கு முன்னர், அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் 1975இல் வெளியிட்ட நூலில், ஒரு சொல்லை மூச்சோடு இணைத்துத் திரும்பச் சொல்வதும் இடையூறும் எண்ணங்களைப் பொருட்படுத்தாது விடுவதும் உடலைத் தளர்வு நிலைக்குக் கொணரும் என்றார். ‘ஒன்று’ என்னும் ஆங்கில எண்ணுப்பெயரே அதற்குப் போதும் என்பது அவர் கருத்து. ஆயின் 1984இல் எழுதிய அடுத்த நூலில், ஒருவர் தம் நம்பிக்கையோடு தொடர்புடைய சொல்லைத் தேர்வதன் சிறப்பை அவரே வலியுறுத்தினார்.

2011இல் பெங்களூரு தேசிய மனநலம் மற்றும் நரம்பறிவியல் நிறுவன ஆய்வாளர்கள் பிரணவ ஒலிப்பை மூளைப்படிம முறையில் ஆராய்ந்தனர். ஓங்காரத்தை ஒலிக்கும்போது உணர்ச்சிகளோடு தொடர்புடைய மூளைப்பகுதிகளின் செயல்பாடு தணிந்தது. ஒப்பீட்டிற்காக ‘ஸ்ஸ்’ என நீட்டி ஒலித்தபோது அத்தகைய தணிவு காணப்படவில்லை. மிகச் சிலரைக் கொண்டு செய்த முன்னோட்ட ஆய்வாதலின் இதிலிருந்து பெரும் முடிவுகளை வருவித்தல் கூடாது. எல்லா ஒலிகளும் உடலில் ஒரே விளைவைத் தருவதில்லை என்னும் அளவிற்கே இதனைக் கொள்ளலாம்.

இவ்வாய்வுகள் மரபை மறுப்பனவும் அல்ல. மரபு கூறும் அனைத்தையும் மெய்ப்பிப்பனவும் அல்ல. பதஞ்சலி கூறிய இரு பயன்களுள் இடையூறு நீங்குதல் என்பதன் ஒரு பகுதியை, குறிப்பாக மூச்சின் ஒழுங்கின்மை நீங்குதலை, இவை விளக்குகின்றன. அப்பகுதிக்குச் சொல்லின் பொருள் இன்றியமையாததன்று என்பதையும் காட்டுகின்றன. அறிவு உள்முகமாதல் என்னும் மற்றொரு பயன் இக்கருவிகளின் அளவைக்குள் வரவில்லை. ‘நமசிவய’வும் ‘சிவயநம’வும் மூச்சளவில் ஒன்றாகவும் பொருளளவில் வேறாகவும் இருப்பதை நினைவிற்கொண்டால், ஆய்வின் எல்லையும் மரபின் கூற்றும் எங்கே பிரிகின்றன என்பது விளங்கும்.

7. எண்ணிக்கையின் இடம்

அவ்வாறாயின் மாலை எதற்கு, 108 எதற்கு என்னும் ஐயம் எழும். எண்ணிக்கை பயனற்றது என்பது இக்கட்டுரையின் கருத்தன்று. ஒரு மந்திரத்தை ஒரு மூச்சுக்கு ஒன்றாக, 10 நொடிக்கு ஒருமுறை ஓதினால் 108 உருவுக்கு 18 நிமிடம் ஆகும். அதே மாலையை 5 நிமிடத்தில் முடிப்பவர், ஓர் உருவுக்கு 3 நொடிக்கும் குறைவாகவே செலவிடுகிறார். மாலை உருளும் விரைவே ஓதுபவரின் கவனத்தைக் காட்டிவிடும். மந்திர நூல்கள் கூறும் எழுத்துக்கு ஓர் இலட்சம் என்னும் அளவின்படி ஐந்தெழுத்துக்கு 5 இலட்சம் உரு ஓத வேண்டும். நிதானமாக நாளொன்றுக்குப் பத்து மாலை, அதாவது 3 மணிநேரம் ஓதுபவர்க்கு, நாளுக்கு 1,080 உருவாக, ஏறத்தாழ 463 நாள் தேவைப்படும். இத்தகைய எண்ணிக்கை ஒருவரை ஓராண்டுக்கும் மேலாக ஒரே ஒழுங்கில் நிறுத்துகிறது. ஓதிய தொகையைவிட, அத்தொகையை நிறைவு செய்யும் வாழ்க்கையொழுங்கே அங்குப் பெரிதாகிறது.

மாலையின் நாயக மணியைக் கடவாது, அங்கிருந்து மாலையைத் திருப்பிக்கொண்டு மீண்டும் தொடங்குவது வழக்கம். விரல் அம்மணியைத் தொடும்போது ஓதுபவர் ஒருகணம் நிற்கிறார். உள்ளம் எங்கேனும் சென்றிருப்பின் அப்போது மீள்கிறது. எண்ணிக்கை கவனத்தைக் காக்கும் வேலியாக அமைவது இவ்வாறே. அது கவனத்திற்கு மாற்றாக முடியாது. எண்ணிக்கைக் கருவி மணிகளின் வேலையைச் செய்யலாம். ஓதுபவரின் வேலையைச் செய்யாது. தானே இசைக்கும் பெட்டி வீட்டில் இனிய சூழலைத் தரலாம். கேட்பவர் அதனோடு சேர்ந்து ஓதவும் உன்னவும் செய்யாதவரை அது செபமாகாது.

முடிவுரை

மந்திர உருவேற்றலில் இரு வினைகள் இணைந்துள்ளன. ஒன்று நாவாலும் மூச்சாலும் நிகழ்வது. அது உடலை அமைதிப்படுத்துகிறது. அதற்கு எச்சமயத்துச் சொல்லும் துணைபுரியும் என்பதை இக்கால ஆய்வுகள் காட்டுகின்றன. மற்றொன்று உள்ளத்தால் நிகழ்வது. அது ஓதுபவரின் நோக்கைத் திருப்புகிறது. அதற்குப் பொருளுணர்வு இன்றியமையாதது என்பதைப் பதஞ்சலியின் பொருட்பாவனையும், வாசிகத்தினும் மானதம் உயர்ந்தது என்னும் மரபும், அசபைக் கொள்கையும், ஐந்தெழுத்தின் வரிசை மாற்றங்களும் ஒருசேர உணர்த்துகின்றன.

மன அமைதி மட்டும் வேண்டுவோர் முதல் வினையோடு நிற்கலாம், அதில் தவறில்லை. அதனையே செபத்தின் முழுப்பயன் எனக் கொள்வதும், எண்ணிக்கை மிகுந்தால் பொருள் தானே வந்துசேரும் எனக் கருதுவதும் மரபு நூல்களோடு பொருந்தா. மந்திரம் கற்பிப்போர் ஓசையையும் எண்ணிக்கையையும் கற்பிப்பதோடு எழுத்தின் பொருளையும் உடன் கற்பிப்பது நலம். உருப்போடுதல் உருவேற்றுதலாக மாறுவது அந்த இடத்தில்தான்.